வானத்தின் மிச்சம்

ஜனவரி 6

ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பைக் குறையுங்கள், கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள் என்றார். உப்பை உலகம்மை அன்று மாலையே குறைத்துவிட்டாள். இந்த மாதிரி உத்தரவுகளை நிறைவேற்றுவதில் என் மனைவிக்கு நிகர் கிடையாது. கோபத்தைக் குறைக்க மட்டும் வீட்டிலும் ஆளில்லை, ஆபீசிலும் ஆளில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் பூமிநாதன். வள்ளியூருக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் அண்டக்கதிர் ஆய்வு மையத்தில் ஒப்பந்த விஞ்ஞானி. நட்சத்திரங்கள் வெடிக்கும்போது கிளம்பும் துகள்கள் பால்வீதி முழுக்கக் கோடிக்கணக்கான வருடங்கள் வழிதெரியாமல் அலைகின்றன. அலைகிற வழியில் அங்கங்கே மேகமாகக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயுவில் முட்டுகின்றன. முட்டிய இடத்தில் காமாக் கதிர் பிறக்கிறது. அதனால் வானம் எங்கும் மங்கலாக ஒரு காமா வெளிச்சம் பரவியிருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, மேலே பறக்கும் தொலைநோக்கிக்குத் தெரியும். துகள்கள் எப்படி அலைகின்றன என்று கணினியில் ஒரு மாடல் செய்து, வாயு எங்கெங்கே கிடக்கிறது என்ற படத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். பத்து வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் தொழிலில் எவனுக்கும் இந்த வெளிச்சத்தின் மேல் அக்கறை இல்லை. தொலைநோக்கி பார்த்ததிலிருந்து நாம் கணக்கிட்டதைக் கழித்தால் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதுதான் பேச்சு. மிஞ்சினால் புது இயற்பியல், பேட்டி, பொன்னாடை. மிஞ்சாவிட்டால் நீ கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறாய், போய் வா.

ஜனவரி 9

இயக்குநர் தணிகாசலம் கூப்பிட்டு அனுப்பினார். மார்ச்சில் பணி நிரந்தரக் குழு கூடுகிறதாம். இருப்பது ஓர் இடம். இந்த முறை தவறினால் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஒப்பந்தமும் மே மாதத்தோடு சரி.

“பூமி, உன் மாடல் நல்லா இருக்குதுப்பா, யாரும் இல்லன்னு சொல்லல” என்றார். “ஆனா குழுவுல ஒக்காந்திருக்கறவன் கேப்பான், இவரு என்னா கண்டுபுடிச்சாருன்னு. நான் என்னா சொல்றது? வானம் எப்படி இருக்கணுமோ அப்படியேதான் இருக்குதுன்னு கண்டுபுடிச்சாருன்னா?”

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். எழுதும்போதுதான் பேனா தாளைக் கிழிக்கிறது.

வீட்டில் சொன்னேன். உலகம்மை மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நான் மாறிய ஒவ்வோர் ஊருக்கும் யார் யார் காலிலோ விழுந்து மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தவள். இந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து சுவரில் ஓர் ஆணி அடிக்க விடவில்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது, சாமி படங்கள் அலமாரித் தட்டில் சாய்ந்து நிற்கின்றன. “மொதல்ல ஆர்டர் வரட்டும். அப்புறம் ஆணி அடிப்போம்” என்பாள். இன்றும் அதையேதான் சொன்னாள்.

ஜனவரி 13

மிஞ்சிவிட்டது!

தொலைநோக்கியின் புதிய தரவை என் மாடலோடு வைத்துக் கழித்துப் பார்த்தேன். வானத்தின் இடப்பக்கம், பால்வீதித் தளத்தை ஒட்டி, பளிச்சென்று ஒரு வெளிச்சம் மீதி நிற்கிறது. சின்னத் துணுக்கு இல்லை, நல்ல வளர்ந்த பூசணிக்காய் அளவு. மூன்று தரம் ஓட்டினேன், மூன்று தரமும் நிற்கிறது. அந்த இடத்தில் பெரிய வாயு மேகம் ஒன்று இருப்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதைத்தான் நான் வாயுப் படத்தில் ஏற்கெனவே சேர்த்துவிட்டேனே. சேர்த்த பிறகும் மிஞ்சுகிறது என்றால் இது வேறு ஏதோ.

புதிய தரவின் அமைப்புக்கு ஏற்ற மாதிரி அந்த வாயுப் படத்தைப் போன தீபாவளி விடுமுறையில் நானே உட்கார்ந்து மாற்றினேன். மாணவர்களிடம் கொடுத்தால் எதையாவது கோணலாகச் செய்துவைப்பார்கள். எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று மையத்தின் இணையதளத்திலும் அப்போதே போட்டுவைத்தேன். ஒருவனும் நன்றி சொல்லவில்லை.

வலப்பக்கம், கிட்டத்தட்ட அதே உயரத்தில், அதே வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதாவது நான் கணக்கிட்ட வெளிச்சம் அங்கே இல்லை. கருவிக் கோளாறாக இருக்கும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பொங்கலுக்குள் ஆள் வர மாட்டானாம்.

ஜனவரி 19

இயக்குநருக்குப் படத்தைக் காட்டினேன். இடப்பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். என்னை உட்காரச் சொன்னார். இந்த மையத்துக்கு வந்த நான்கு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“வலப்பக்கம் நீலமா இருக்குதே, அது என்னா?”

“கொறச்சல் சார். மைனஸ்ல வருது.”

“வெளிச்சத்துல ஏதுப்பா மைனஸ்? இருக்கறதைக் காட்டணும். இல்லாததை ஏன் காட்டற? ஜனங்க கொழம்பிடுவாங்க. வெள்ளையாக்கிடு.”

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிர்மறை வெளிச்சம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. வெள்ளையாக்கிவிட்டேன். படம் எடுப்பாக இருக்கிறது.

ஜனவரி 28

ஜெபக்கனி வந்தாள். சாத்தான்குளத்துப் பெண், என்னிடம் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறாள். மே மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதில் பாதி என் மாடலையும் என் வாயுப் படத்தையும் நம்பி நிற்கிறது. கெட்டிக்காரிதான். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் கொசுவர்த்தி முடிந்தாலும் கேள்வி முடியாது.

“சார், இந்த வலப்பக்கம் வெள்ளையா இருக்குலா, அங்க என்ன சார்?”

“ஒண்ணுமில்ல. வெள்ளை.”

“இல்ல சார், வெள்ளைக்குக் கீழ.”

அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இளம் வயதில் எதைக் கேட்பது எதை விடுவது என்று தெரியாது.

பிப்ரவரி 3

செய்தித்தாளில் வந்துவிட்டது. என் புகைப்படம் கொஞ்சம் குண்டாக விழுந்திருக்கிறது. தொலைக்காட்சிப் பையன் ஒருவன் மைக்கை நீட்டி, “சார், அது வேற்றுக்கிரகவாசிங்களா இருக்கலாமா?” என்றான். விஞ்ஞானத்தில் எதையும் மறுத்துவிட முடியாது என்று பொதுவாகச் சொன்னேன். மாலைச் செய்தியில் “மறுக்கவில்லை வள்ளியூர் விஞ்ஞானி” என்று கீழே ஓடியது.

வீட்டுக்கு வந்தால் டொக் டொக்கென்று சத்தம். உலகம்மை ஸ்டூல் மேல் ஏறி நின்று ஆணி அடிக்கிறாள். முருகன், காலண்டர், எங்கள் கல்யாண போட்டோ எல்லாம் சுவருக்குப் போய்விட்டன.

“ஆர்டர் வரட்டும்னு சொன்னியே” என்றேன்.

“பேப்பர்ல போட்ட பெறகு ஆர்டரு என்ன பெருசு? எங்க ஆபீசுல இன்ஜினியரே எனக்குக் கை குடுத்தாவ, தெரியுமா? இனும மாத்தல் கேக்க வேண்டாம்மான்னாவ.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்பவே.

பிப்ரவரி 9

மையத்தின் வாசலில் என் படத்தை வைத்து ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், ஒரு வாரமாயிற்று. வானம், வெளிச்சம், கூடவே மூன்று பிரமுகர்களின் கும்பிட்ட கைகள். உள்ளே வருகிற எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

இன்று ஜெபக்கனி சொல்கிறாள்: “சார், அந்த ஃபிளெக்ஸ்ல வானம் திரும்பிக் கெடக்கே, பாத்தியளா? வெளிச்சம் வலப்பக்கம் இருக்கு.”

போய்ப் பார்த்தேன். ஆமாம். பிரமுகர்களுக்கு இடது பக்கம் இடம் வேண்டுமென்று கடைக்காரன் வானத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேரே பஜாருக்குப் போய் அவனைப் பிடித்தேன். நோட்டு கையில் இல்லாததால் கத்தினேன். தரைப்படம் வேறு, வானப்படம் வேறு. தரைப்படத்தில் கிழக்கு வலப்பக்கம். வானத்தை மல்லாந்து பார்க்கிறோம், ஆகவே கிழக்கு இடப்பக்கம். அதனால் எங்கள் படங்களில் எண்கள் வலமிருந்து இடமாக ஏறும். இது முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம், இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன்.

அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “வானம்தான சார். எந்தப் பக்கம் பாத்தாலும் வானம்தான். மேல இருக்கிற பேருல ஒரு எழுத்து மாறியிருந்தா சொல்லுங்க, ஓசியில மாத்தித் தாரேன்” என்றான்.

இடம் வலம் தெரியாதவனெல்லாம் தொழில் செய்கிறான். திரும்பி வந்து ஜெபக்கனியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “ஒரு வாரமா நாம அத்தன பேரும் பாத்தோம்லா சார். ஒருத்தருக்கும் தெரியலையே” என்றாள். பிறகு எதையோ யோசித்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 10

கணினியில் இடம் அடைத்துக்கொண்டிருக்கும் பழைய கோப்புகளை அழிக்கலாம் என்று சிலவற்றைத் திறந்து பார்த்தேன். தீபாவளிக்குச் செய்த வாயுப் படமும் அதில் இருந்தது. பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில் அதிகம்.

பிப்ரவரி 11

ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 12

ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார்காரன் வந்தான். வயரை மாற்றிக் கொடுத்திருந்ததால் மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். அவனிடம் நான் ஏன் அப்படி எரிந்து விழுந்தேன் என்று உலகம்மை கேட்கிறாள்.

பிப்ரவரி 13

ஜெபக்கனி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்ததுதான்.

“சார், நம்ம வாயுப் படத்துல இடப்பக்கம் இருக்க வேண்டிய பெரிய மேகம் வலப்பக்கம் கெடக்கு. வலப்பக்கத்துது இடப்பக்கம் கெடக்கு. மொத்தமும் திரும்பியிருக்கு சார். நடுவுல ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கதால சட்டுன்னு தெரியல.”

“அப்படியா” என்றேன்.

“மேகம் இருக்க எடத்துல நாம வெறும வச்சுக் கழிச்சிருக்கோம். அதான் வெளிச்சம் மிஞ்சுது. வெறுமையா இருக்க எடத்துல மேகத்த வச்சுக் கழிச்சோம். அதான் அந்த வெள்ளை.”

நான் நிதானமாகத்தான் பேசினேன். இதை அவசரப்பட்டு முடிவு செய்ய முடியாது, ஏப்ரல் வாக்கில் உட்கார்ந்து ஆற அமரப் பார்ப்போம் என்றேன். சரியான படத்தை வைத்து முழு மாடலையும் ஓட்டிப் பார்க்கக் கணினி வேண்டும் என்று கேட்டாள். பெரிய கணினிக்கு அனுமதி என் கையில்தான் இருக்கிறது. அது வேறு வேலையாக இருக்கிறது என்று சொன்னேன்.

அவள் எழுந்து கதவருகே நின்றாள். “அப்போ என் தீசிஸ்ல எந்த வானத்தப் போட, சார்?”

மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 14

பெரிய கணினி சும்மாதான் கிடக்கிறது. ஓட்டினால் ஒரு பகலில் முடிந்துவிடும். ஓட்டவில்லை. அதைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது, தூசி.

பிப்ரவரி 23

குணசீலனிடமிருந்து மின்னஞ்சல். இவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸியில் என் அறைத்தோழன். ஆய்வகத்தில் நான் எடுத்த அளவுகளைப் பார்த்து எழுதி, என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவன். “உன் கையெழுத்து சரியில்ல பூமி” என்று அதற்கு விளக்கமும் சொன்னான். இப்போது சென்னையில் பேராசிரியர். எங்கள் நிரந்தரக் குழுவுக்கு வெளியிலிருந்து வரும் நிபுணரும் அவன்தான்.

என் வெளிச்சத்தை அவனும் பார்த்திருக்கிறானாம். அவனுடைய மாடலிலும் அதே இடத்தில், அதே வடிவத்தில், அப்படியே இருக்கிறதாம். “சுயேச்சையான உறுதிப்பாடு” என்று எழுதியிருக்கிறான்.

முதலில் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அவன் மாடல் வேறு, என் மாடல் வேறு. இரண்டிலும் வருகிறது என்றால் ஜெபக்கனியும் நானும்தான் தப்போ? ஒரு மணி நேரம் அப்படியே சந்தோஷமாக இருந்தேன். பிறகு அவன் அனுப்பிய கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வாயுப் படம் எங்கிருந்து எடுத்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். எங்கள் மையத்தின் இணையதளம். தீபாவளிக்கு நான் போட்ட அதே கோப்பு.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. “ஒனக்கு ஆர்டர் அடிச்சாச்சுன்னு வெச்சுக்கோ” என்கிறார். உலகம்மை நிரந்தர வீட்டுக்கு என்று ஸ்டீல் பீரோ சொல்லிவிட்டாள்.

மார்ச் 5

டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, “உப்பு சேர்க்கறீங்களா?” என்றார். இல்லை என்றேன். “கோபமா?” கோபமும் இல்லை. “அப்போ என்னதான் செய்றீங்க?” என்றார். காத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 16

குழு கூடியது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இயக்குநர், குணசீலன், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர். படத்தைக் காட்டி விளக்கினேன். அதிகாரி, “இந்தக் கதிரால பொதுமக்களுக்கு ஆபத்து உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

குணசீலன் தொண்டையைச் செருமினான். “இது ரொம்ப முக்கியமான முடிவு. எனக்கு இதுல சந்தேகமே கிடையாது. ஏன்னா எங்க குழு இத சுயேச்சையா உறுதிப்படுத்தியிருக்கு. சொல்லப்போனா நாங்க நவம்பர்லயே பார்த்துட்டோம். பூமிநாதன் இரண்டாவதா பார்த்திருக்கார். அதுவும் சாதாரண விஷயம் இல்ல. அவர நிரந்தரம் பண்ண நான் முழு மனசோட சிபாரிசு பண்றேன்.”

இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனால் போதும். வாசலில் உலகம்மையின் போன் அழைப்புக்குப் பதில் சொல்லலாம்.

“நவம்பர்ல எந்த வாயுப் படத்த வச்சுப் பாத்த?” என்றேன்.

“பொதுவா கிடைக்கிறதுதான்.”

“அது என் படம்.”

“இருக்கலாம். பொதுவுல போட்டா பொதுச் சொத்துதானே.”

“அந்தப் படத்த இடம் வலமாத் திருப்பிப் போட்டது நான்” என்றேன். எழுந்து நின்றிருக்கிறேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. “நான் திருப்பிப் போட்டதாலதான் அந்த வெளிச்சம் வருது. வானத்துல அப்படி ஒண்ணும் கெடையாது. அது மொத்தமும் என் தப்பு. தீபாவளி லீவுல தனியா ஒக்காந்து நான் பண்ண தப்பு. எனக்கு முன்னால அத நீ எப்படிக் கண்டுபுடிக்க முடியும்?”



இயக்குநர், “டீ சொல்லியிருக்கேன்” என்றார். அதிகாரி, “அப்போ வெளிச்சம் இருக்குதா இல்லையா? எதையாவது ஒண்ண எழுதணுமே” என்றார். குணசீலன் மட்டும் அசரவில்லை. “அவர் தப்பு அவருக்கு. எங்க முடிவு எங்களுக்கு. நாங்க அத சுயேச்சையா எடுத்தது” என்றான்.

அறிவியல் நேர்மை என்னை எழுப்பி நிறுத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். குணசீலனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மார்ச் 17

உலகம்மை பேசவில்லை. சாம்பாரில் உப்பு பழையபடி சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 19

இன்று பேசினாள். கத்தவில்லை. “அவன் ரெண்டாவதுன்னுதான சொன்னான். ரெண்டாவதா இருந்துட்டுப் போனா என்ன? சோத்துக்கு ரெண்டாவது மொதலாவதுன்னு இருக்கா?” என்றாள். உண்மைக்காகச் சொன்னேன் என்றேன். “உண்மை உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள். பிப்ரவரி என்றேன். “அப்போ ஒரு மாசமா அந்த உண்மை எங்க இருந்திச்சு?” என்றாள்.

 கால் வலிக்கும் மட்டும் காற்றாலைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். நான் அவளுக்குச் செய்தது அநியாயம். பத்து வருடம் பெட்டி கட்டியவளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது ஓர் ஆர்டர்தான்.

மார்ச் 23

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வந்தது. “விஞ்ஞானி பூமிநாதன் சற்று உணர்ச்சிவசப்பட்டார். நிரந்தரம் குறித்த முடிவு எடுக்கப்படவில்லை. ஒப்பந்தம் மே மாதத்துடன் முடிவடைகிறது. புதிய வெளிச்சம் பற்றிய ஆய்வு தொடரும்.” வானம் திரும்பியதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

“அதெல்லாம் எழுத்துல வேணாம்பா. மையத்துக்குக் கெட்ட பேரு” என்றார் இயக்குநர்.

ஜெபக்கனிக்குப் பெரிய கணினியின் அனுமதியைக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது. நன்றியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8

குணசீலனின் கட்டுரை வெளிவந்துவிட்டது. அவனுக்குப் பெரிய திட்டம் ஒன்று அனுமதியாகியிருக்கிறதாம், அந்த வெளிச்சத்தை ஐந்து வருடம் ஆராய. நான்கு மாணவர்களை எடுக்கப்போகிறான். பாவம், என் தீபாவளி விடுமுறையை ஐந்து வருடம் ஆராயப்போகிறார்கள்.

திருத்தம் ஒன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய புதிய செய்தி இதில் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 24

காலையில் ஜெபக்கனி கூப்பிட்டாள். “சார், கொஞ்சம் வாங்களேன். ஏதோ தப்பு நடந்திருக்குன்னு நெனைக்கேன்.”

சரியான வாயுப் படத்தை வைத்து முழு மாடலையும் ஓட்டிக் கழித்திருக்கிறாள். திரையில் ஒன்றும் இல்லை. ஒரே சாம்பல் நிறம். படம் திறக்கவில்லை போலிருக்கிறது என்றேன். திறந்திருக்கிறது என்றாள். வண்ண அளவை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். இன்னும் நெருக்கிப் பார்க்கச் சொன்னேன். இடப்பக்கம் பார்த்தோம், வலப்பக்கம் பார்த்தோம், பால்வீதியின் நடுவில், எல்லோரும் தடுக்கி விழும் இடத்தில், பார்த்தோம். எங்கும் சாம்பல்தான். தொலைநோக்கி பார்த்த அத்தனை வெளிச்சமும் கணக்கில் வந்துவிட்டது. ஒரு பொட்டு மிஞ்சவில்லை.

“இப்படி யாருக்கும் வந்ததில்ல சார்” என்றாள் ஜெபக்கனி, மெதுவாக. “எல்லாருக்கும் எங்கயாவது கொஞ்சம் இடிக்கும். நான் எத்தன பேப்பர் படிச்சிருக்கேன். ஒருத்தருக்கும் இப்படி வரல.”

துகள்கள் பால்வீதியின் நடுவில் ஒரு விதமாகவும் ஓரத்தில் ஒரு விதமாகவும் அலைகின்றன என்று பத்து வருடமாக நான் மட்டும் சொல்லிவந்தேன். கருத்தரங்குகளில் நான் பேசும்போதுதான் எல்லோரும் காபிக்குப் போவார்கள். நான் சொன்னது சரி. முழுக்கச் சரி. அவள் எதிரில் அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமாக இல்லை.

இயக்குநரிடமும் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இத வெச்சு நான் யாருக்குப்பா போன் பண்றது?” என்றார்.

படத்தை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உலகம்மை மாவரைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் கணக்குல வந்துட்டு.”

“நீங்க போட்ட கணக்கா?”

“நான் போட்டதுதான். ஒரே பகல் ஓட்டினதுல வந்துட்டு.”

திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தாள். ஒரு கறையோ பிசிறோ அகப்படுகிறதா என்று தேடுகிறாள் என்று புரிந்தது. “நல்லாத் தொடச்ச தரை மாரி இருக்கு” என்றாள். “இப்படி யாரும் போட்டதில்லையா?”

“இல்ல.”

“அப்போ அன்னைக்குக் கூட்டத்துல இதக் காட்டிருந்தா, தப்பு பண்ணேன், ஆனா இந்தா சரி பண்ணியும் வச்சிருக்கேன்னு சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருக்கலாம்.”

“உங்களுக்குத்தான் பிப்ரவரியிலயே தெரியும்லா. ஒரு நாள் ஓட்டுனா முடிஞ்சிருமாம்லா. ஏன் ஓட்டல?”

கணினி வேறு வேலையாக இருந்தது, தூசி, வெயில், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.

“ஒண்ணும் மிஞ்சாதுன்னு பயந்துட்டேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அதை மூடவில்லை. கிரைண்டரில் மாவு காய்ந்துவிடும் என்று எழுந்து போனாள்.